எண்ணூர் கழிமுகத்தில் ஃப்ளோட் டியூபா, கயாக்கா?

எண்ணூர் கழிமுகத்தில் தூண்டில் போட, துடுப்பு போட்டு ஓட்டும் ஒடுங்கிய சிறு படகான கயாக்கைத்தான் எடுங்கள். ஃப்ளோட் டியூப் என்பது உட்கார்ந்து மிதக்கும் காற்றடித்த வளையம்; அதில் காலில் துடுப்புச் செருப்பு மாட்டி உதைத்து, பின்பக்கமாக நகர வேண்டும். நன்றாக உதைத்தாலும் மணிக்கு இரண்டு கிலோமீட்டரைத் தாண்டுவது கஷ்டம். வற்றத்தில் தண்ணீர் கடலை நோக்கி இழுக்கும்போது அந்த வேகத்தில் கரை சேர முடியாது. போதாததற்கு, பாலத் தூண்களிலும் கற்களிலும் ஒட்டியிருக்கும் சிப்பி ஓடு டியூபைக் கிழித்துவிடும். தண்ணீருக்குள் தொங்கும் காலையும் விடாது.

கயாக்கில் போகிறவர்கள் நங்கூரக் கயிற்றை நடுப்பக்கத்தில் கட்டவே கூடாது. இழுப்பு பக்கவாட்டில் அடித்துக் கவிழ்க்கும். முனையிலோ பின்னாலோ கட்டுங்கள். கயிறு ஆழத்தைப் போல மூன்று மடங்காவது இருக்கட்டும், இல்லாவிட்டால் நங்கூரம் பிடிக்காது. சிக்கினால் அறுத்துவிட, கை எட்டும் இடத்தில் கத்தி வேண்டும்.

டியூபுக்கு ஏற்றது, மீன்பிடிக்க அனுமதியுள்ள, ஓட்டமில்லாத குளம். இரண்டு கையும் தூண்டிலுக்கே கிடைப்பது அதன் பெரிய லாபம். ஆனால் வெயிலில் முழுக்கக் காற்றடித்து வைக்காதீர்கள், தையல் பிரியும். முக்கால்வாசி அடித்து, தண்ணீரில் ஐந்து நிமிடம் குளிர விட்டு, மீதியை அடியுங்கள். முதலில் காற்றை எதிர்த்துப் போங்கள். களைத்த பிறகு காற்றே கரைக்குத் தள்ளும். வெயில் காலத்தில் கடற்காற்று வலுக்கும் முன், பதினோரு மணிக்குள் கரை ஏறிவிடுங்கள்.

எதில் போனாலும் லைஃப் ஜாக்கெட்டின் எல்லாக் கொக்கியும் மாட்டியிருக்க வேண்டும்.