வேலையை விடாமல் சிஸ்டர் ஆக முடியுமா? சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு பதில்

கோயிலில் கூழ் ஊற்றும் வரிசையில் நிற்கும்போதுகூட யாராவது கையைப் பிடித்துக்கொண்டு கேட்டுவிடுகிறார்கள், "அக்கா, பார்ட் டைமில் நர்சிங் படிக்கலாமாமே, எங்கே சேரணும்?" கேட்பவர் பெரும்பாலும் முப்பது தாண்டியவர், கடையில் கல்லாவில் உட்காருகிறவர் அல்லது முதியோர் இல்லத்தில் கேர்கிவர், வீட்டில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இரண்டு. நானும் அந்த இடத்தில் இருந்தவள்தான். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்துக்கு வந்து, கேர்கிவராக ஆரம்பித்து, ஆக்ஸிலரி (உதவி நர்ஸ்), ஸ்டாஃப் நர்ஸ் என்று படிப்படியாக ஏறி, கடைசியில் ஸ்டாஃப் நர்ஸை ரிஜிஸ்டர்டு நர்ஸ் ஆக்கும் பிரிட்ஜிங் கோர்ஸ் முடித்து, அதன் அடையாளமான மெரூன் பட்டையைத் தோளில் குத்திக்கொள்வதற்குள் 11 வருடம் போய்விட்டது. அதனால் வரிசையில் நின்றுகொண்டு சொல்ல முடியாததை இங்கே உட்கார்ந்து எழுதுகிறேன்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். பகல் முழுக்க வேறு வேலை பார்த்துவிட்டு சாயங்காலம் மட்டும் வகுப்புக்குப் போய் ரிஜிஸ்டர்டு நர்ஸ் ஆகிவிடலாம் என்று இந்த ஊரில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். புத்தகப் பாடத்தைச் சாயங்காலம் படிக்கலாம், ராத்திரி படிக்கலாம், டாக்ஸியில் உட்கார்ந்துகூடப் படிக்கலாம். ஆனால் வார்டில் நிற்க வேண்டிய மணிநேரம் என்று ஒன்று இருக்கிறது, அதை நர்சிங் கவுன்சில் எண்ணிப் பார்க்கிறது, அதுவும் பெரும்பாலும் காலை 7 முதல் இரவு 7 வரை, இல்லாவிட்டால் இரவு 7 முதல் காலை 7 வரை.

என் நாத்தனார் இங்கிலாந்தில் லெஸ்டரில் இருக்கிறாள், அவள் பேச்சைக் கேட்டுத்தான் பாதிப் பேருக்கு இந்த பார்ட் டைம் ஆசை வந்திருக்கிறது. அங்கே பெரியவர்களுக்கான நர்சிங், குழந்தைகளுக்கானது, மனநலம், கற்றல் குறைபாடு என்று ஆரம்பத்திலேயே நான்காகப் பிரிந்துவிடும். மருத்துவமனையில் உதவியாளர் வேலையில் இருந்துகொண்டே, அந்த மருத்துவமனை ஆதரவு கொடுத்தால், ஓப்பன் யுனிவர்சிட்டி மூலமாகப் பகுதி நேரமாகப் படிக்கலாம். சரிதான். ஆனால் அங்கேயும் மொத்தம் 4,600 மணிநேரம், அதில் பாதி வார்டில். வருடத்தை நீட்டிக்கொள்ளலாமே தவிர அந்தக் கணக்கில் ஒரு மணிநேரமும் குறையாது. நம் ஊரில் பெரியவர் நர்ஸ், குழந்தை நர்ஸ் என்று தனித்தனி அடிப்படைப் படிப்பு கிடையாது. பொது நர்சிங்தான் அஸ்திவாரம், மற்றதெல்லாம் பிறகு.

இங்கே நீட்டிக்கொள்ள முடியாது, ஆனால் வெட்டிக்கொள்ள முடியும். படிப்பு முழு நேரம்தான், பாதையைத் துண்டு துண்டாகப் போகலாம். ஒரு துண்டு படி, சம்பாதி, அடுத்த துண்டு படி. நான் செய்ததும் அதுதான், என்ன, நான் போன துண்டுகள் இப்போது இல்லை. பழைய ஆக்ஸிலரி, ஸ்டாஃப் நர்ஸ் கோர்ஸ்களை முதலில் நிறுத்தினார்கள், பிரிட்ஜிங்குக்கும் பழைய நான்கு வருடக் கோர்ஸுக்கும் 2019 முடிவோடு கதவை மூடிவிட்டார்கள். "உங்களை மாதிரியே பிரிட்ஜிங் பண்ணணும்" என்று வருகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது.

இப்போது இருப்பது மூன்று. ஒரு வருட ஹையர் சர்டிஃபிகேட் முடித்தால் ஆக்ஸிலரி நர்ஸ். மூன்று வருட டிப்ளமோ முடித்தால் பொது நர்ஸ். நான்கு வருட டிகிரி முடித்தால் நர்ஸும் மிட்வைஃபும் (பிரசவம் பார்ப்பவர்) சேர்ந்த புரொஃபஷனல் நர்ஸ். டிப்ளமோ முடித்தவர் பிறகு ஒரு வருட அட்வான்ஸ்டு டிப்ளமோ படித்து மிட்வைஃபரியைச் சேர்த்துக்கொள்ளலாம். குடும்பத்தைத் தாங்கிக்கொண்டு படிக்க வேண்டியவர்களுக்கு என் யோசனை, முதலில் அந்த ஒரு வருடச் சர்டிஃபிகேட்டை முடித்து வேலைக்குப் போய் நின்றுகொள்ளுங்கள், அப்புறம் டிப்ளமோ. கையில் மேட்ரிக் (இங்கே அது பன்னிரண்டாம் வகுப்பு) நல்ல மதிப்பெண்ணோடு இருக்கும் இருபது வயதுப் பெண்ணுக்கு இதைச் சொல்லமாட்டேன், அவள் நேரே டிகிரிக்குப் போகட்டும், நாலு வருடத்தில் வெளியே வந்துவிடுவாள். ஒன்று மட்டும் கவனம்: ஒரு வருடம் படித்தது டிப்ளமோவின் மூன்று வருடத்தில் தானாகக் கழிந்துவிடும் என்று கணக்குப் போடாதீர்கள். பழைய ஸ்டாஃப் நர்ஸ்கள் முன் அனுபவத்தைக் கணக்கில் எடுக்கச் சொல்லிக் கேட்கலாம், அதற்கு முறை இருக்கிறது, ஆனால் கல்லூரிதான் பார்த்து முடிவு செய்யும். சேருவதற்கு முன்னாலேயே எழுத்தில் வாங்குங்கள்.

அடுத்தது கல்லூரி. இதில்தான் நம் ஜனங்கள் அதிகம் ஏமாறுகிறார்கள், நானும் ஏமாந்தேன். கேர்கிவராக இருந்த காலத்தில் நகரத்துக்குள் மாடியில் இயங்கிய ஒரு தனியார் கல்லூரியில் பதிவுக் கட்டணம் 3,500 ராண்ட் கட்டினேன், பெயர் வேண்டாம். வெள்ளைக் கோட்டு, சுவரில் எலும்புக்கூடு படம், மேசைமேல் ஸ்டெதஸ்கோப், எல்லாம் இருந்தது. இரண்டு மாதம் கழித்து, "எங்கள் கவுன்சில் நம்பர் எப்போது வரும்?" என்று ஒரு பெண் எழுந்து கேட்டாள். பாடம் நடத்திய அம்மா கரும்பலகையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அவ்வளவுதான், அந்த நம்பர் வரவே வராது என்று எனக்குப் புரிந்துவிட்டது. பணம் திரும்பவில்லை.

ஆகவே நான்கைச் சரிபாருங்கள். கல்லூரி உயர்கல்வித் துறையில் பதிவாகியிருக்கிறதா, அந்தக் கோர்ஸுக்கு உயர்கல்விக் கவுன்சிலின் அங்கீகாரம் உண்டா, கோர்ஸ் தேசியத் தகுதிப் பட்டியலில் இருக்கிறதா, பிரிட்டோரியாவில் இருக்கும் நர்சிங் கவுன்சில் அந்தக் கல்லூரிக்கு அந்தக் கோர்ஸை நடத்த அனுமதி கொடுத்திருக்கிறதா. கடைசி வரியை இன்னொரு முறை படியுங்கள். கல்லூரிக்கு அனுமதி இருக்கலாம், நீங்கள் சேரும் கோர்ஸுக்கு இல்லாமல் இருக்கலாம், இரண்டும் வேறு. கவுன்சில் தன் வலைத்தளத்தில் பட்டியல் போடுகிறது. சேர்ந்தபிறகு மாணவியாக உங்கள் பெயரும் கவுன்சிலில் பதிவாகி உங்களுக்கென்று ஒரு நம்பர் வர வேண்டும். "ஹோம் பேஸ்டு கேர்", "ஃபர்ஸ்ட் எய்டு", "ஹெல்த் கேர் அசிஸ்டென்ட்" என்று வருகிற சர்டிஃபிகேட்டுகளால் அந்த நம்பர் வராது. அவை வீண் என்று சொல்லவில்லை, நானே அதில்தான் சோறு தின்றேன், ஆனால் அவை நர்சிங் ஏணியின் படி இல்லை.

(இந்த ரிஜிஸ்டர் சமாசாரத்தில் நம் நாடு மூத்தது. 1891இல் கேப் காலனியில்தான் உலகிலேயே முதன்முதலாக நர்ஸ்களுக்கு அரசுப் பதிவு வந்தது, கிம்பர்லியில் இருந்த சிஸ்டர் ஹென்ரியெட்டா ஸ்டாக்டேல் அதற்காகப் போராடியவர். கவுன்சில் கட்டடத்துக்கு சிசிலியா மகிவானேயின் பெயர். 1908இல் பதிவு பெற்ற முதல் கறுப்பின நர்ஸ் அவர்.)

அரசு வழியில் போக நினைத்தால், குவாசூலு-நட்டால் நர்சிங் கல்லூரிக்கு மாகாணம் முழுக்கக் கிளைகள் உண்டு, நம் ஆர்.கே. கான் மருத்துவமனையோடும் ஒன்று இருக்கிறது. டிகிரிக்கு குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகமும் டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன, விண்ணப்பம் மத்திய விண்ணப்ப அலுவலகம் வழியாக, அதுவும் முந்தைய வருடமே. ஜனவரியில் போய் நிற்காதீர்கள். மேட்ரிக்கில் ஆங்கிலமும் உயிரியலும் கேட்பார்கள், கணிதம் எவ்வளவு வேண்டும் என்பது இடத்துக்கு இடம் மாறும். என்னைப் போல தமிழ்நாட்டில் பிளஸ் டூ முடித்தவர்கள் மதிப்பெண் பட்டியலைத் தென்னாப்பிரிக்கத் தகுதி ஆணையத்துக்கு அனுப்பி இங்கே அது எதற்குச் சமம் என்று சான்றிதழ் வாங்க வேண்டும், பல்கலைக்கழகம் என்றால் மேட்ரிக் விலக்கும், அதாவது வெளிநாட்டுப் பள்ளிப் படிப்பு டிகிரியில் சேரப் போதும் என்ற சான்றும், தனியாகக் கேட்பார்கள். கல்யாணத்துக்குப் பிறகு பெயர் மாறியிருந்தால் கல்யாணச் சான்றிதழை மேலேயே வையுங்கள். என் இனிஷியல் அப்பா பெயரிலும் சர்நேம் கணவர் பெயரிலும் இருந்ததால் மூன்று மாதம் என் ஃபைல் எங்கோ தூங்கியது.

பணத்துக்கு, அரசுப் பல்கலைக்கழகத்தில் முதல் டிகிரி என்றால், வீட்டு வருமானம் வருடத்துக்கு 350,000 ராண்டுக்குள் இருந்தால் என்.எஸ்.எஃப்.ஏ.எஸ் (அரசின் மாணவர் நிதியுதவி) கேட்டுப் பாருங்கள். ஏற்கெனவே மருத்துவமனையில் ஆக்ஸிலரியாகவோ வேறு வேலையிலோ இருப்பவர்கள் முதலில் மேட்ரனைப் பாருங்கள், படிப்பு விடுப்பும் பர்சரியும் (படிப்புச் செலவுக்கான உதவித்தொகை) இருக்கிறதா என்று. உண்மையில் இந்த ஊரில் பார்ட் டைமுக்கு மிக நெருக்கமாக வருவது இதுதான்: பழைய வேலை இடம் உங்களைப் படிக்க அனுப்புவது. ஆனால் பர்சரி வாங்கினால் அத்தனை வருடம் அவர்களிடமே வேலை செய்து கழிக்க வேண்டும், கையெழுத்துப் போடும் முன் அந்தப் பக்கத்தைப் படியுங்கள். டிகிரிக்காரர்களுக்கு முடிந்தபின் ஒரு வருடம் அரசு மருத்துவமனையில் கட்டாயச் சமூகசேவை, சம்பளம் உண்டு, ஆனால் இடத்தை அவர்கள் சொல்வார்கள். சாட்ஸ்வொர்த்திலேயே கிடைக்கும் என்று பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

வார்டுக்கு வருவோம். முதல் வாரமே கணக்கில் மாட்டுவீர்கள். சார்ட்டில் எழுதியிருக்கும், 1,000 மில்லி சலைன், 8 மணிநேரத்தில் ஏற வேண்டும். கையில் இருப்பது மில்லிக்கு 20 சொட்டு விழும் செட். 1,000 மில்லி என்றால் 20,000 சொட்டு, 8 மணிநேரம் என்றால் 480 நிமிடம், வகுத்தால் 41.67, ஆக நிமிடத்துக்கு 42 சொட்டு. இதை மனதில் போட்டுவிட்டு, மணிக்கட்டில் பார்க்காமல் சட்டையில் குத்திய கடிகாரத்தை ஒரு கண்ணாலும் சொட்டறையை மறு கண்ணாலும் பார்த்து கிளாம்பின் சக்கரத்தை நகம் அளவு நகர்த்தி நகர்த்திச் சரிசெய்வது ஒரு கலை. மில்லிக்கு 60 சொட்டு விழும் சின்ன செட் வந்தால் வேலை சுலபம், மணிக்கு எத்தனை மில்லியோ நிமிடத்துக்கு அத்தனை சொட்டு. நான் இதையெல்லாம் அடுப்படியில் ரசம் கொதிக்கும்போது பால் கவர் பின்னால் எழுதிப் பழகினேன். மின்வெட்டு நேரத்தில் ரீசார்ஜ் விளக்கு ஒன்றை எனக்கென்று ஒளித்து வைத்திருந்தேன், பிள்ளைகளுக்கும் தெரியாது.

இன்னொன்று, சூலு. இங்கிலீஷ் போதும் என்று நினைத்து வந்தேன். ராத்திரி மூன்று மணிக்கு ஒரு கோகோ, அதாவது பாட்டி, கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு முனகுகிறார், நான் இங்கிலீஷில் கேட்கிறேன், அவர் கண்ணை மூடிக்கொள்கிறார். பக்கத்து வார்டு நர்ஸ் வந்து "குபுஹ்லுங்கு குபி?" என்று கேட்டதும் கையை எடுத்துத் தன் இடுப்பில் வைத்துக் காட்டினார். எங்கே வலிக்கிறது என்று அர்த்தம். அன்றைக்கே அதை உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன். சேருவதற்கு ஆறு மாதம் முன்பே டாக்ஸியிலும் சந்தையிலும் வாய் கூசாமல் பேச ஆரம்பியுங்கள்.

ஊசிக்கு ஒருபோதும் திரும்ப மூடி போடாதீர்கள். நான் போட்டேன், விரலில் குத்தியது. நம் நாட்டில் அதற்கு என்ன பயம் என்று சொல்ல வேண்டியதில்லை, எச்.ஐ.வி.தான். உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவி, சிஸ்டரிடம் சொல்லி, அன்றைக்கே எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை ஆரம்பிக்க வேண்டும். 72 மணிநேரத்துக்குள் ஆரம்பிக்காவிட்டால் பயனில்லை, 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். வெட்கப்பட்டு மறைக்கிற மாணவிகளைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம். ஹெபடைடிஸ் பி ஊசியை வார்டுக்குள் கால் வைக்கும் முன்பே போட்டுவிடுங்கள். காசநோயாளி அறைக்கு என்95 மாஸ்க் இல்லாமல் போகாதீர்கள், அவசரம் என்று யார் கூப்பிட்டாலும்.

வீட்டில் என்ன பேச வேண்டும் என்றால், ரோஸ்டர், அதாவது டியூட்டி அட்டவணை பற்றி. காவடிக்கும் தீபாவளிக்கும் லீவு வேண்டுமென்றால் இரண்டு மாதம் முன்பே எழுதிக் கொடுங்கள், அதற்குப் பதிலாகக் கிறிஸ்துமஸுக்கு நான் நிற்கிறேன் என்று சொன்னால் யாரும் மறுக்கமாட்டார்கள். அத்தையிடம், அதாவது என் மாமியாரிடம், நான் புரட்டாசி முழுக்க விரதம் இருந்துகொண்டு 12 மணிநேரம் நிற்கிறேன் என்று புலம்பியபோது அவர் ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த சனிக்கிழமை மதியம் பீன்ஸ் பன்னி சௌ (ரொட்டியைக் குடைந்து உள்ளே குழம்பு ஊற்றியது) ஒன்றைத் தாளில் சுற்றி, என் கணவர் கையில் கொடுத்து மருத்துவமனை வாசலுக்கே அனுப்பிவிட்டார். உங்கள் வீட்டில் அப்படி யார் இருக்கிறார் என்பதை விண்ணப்பம் போடும் முன்பே யோசித்து வையுங்கள், ஏனென்றால் இரவு டியூட்டி வாரத்தில் பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டி வர ஒரு ஆள் கட்டாயம் வேண்டும்.

எல்லாம் முடிந்து பதிவும் வந்தபிறகு, வருடச் சந்தாவை டிசம்பர் 31க்குள் கட்டுங்கள், மறந்தால் பெயர் ரிஜிஸ்டரிலிருந்து போய்விடும், பிராக்டிஸிங் சர்டிஃபிகேட் இல்லாமல் வார்டில் நிற்கக்கூடாது. நான் தீபாவளிப் பலகாரச் செலவு எழுதும் அதே நோட்டில் அதையும் எழுதிவைக்கிறேன்.