படி இறங்கும்போது வலித்த முழங்கால்

படி ஏறும்போது பொறுக்க முடிந்த வலி, இறங்கும்போது முழங்கால் சில்லுக்குப் பின்னால் சுருக்கென்று குத்தும். எக்ஸ்ரேயில் எலும்புகள் நன்றாகவே இருந்தன. பிசியோதெரபி நிபுணர் முட்டியோடு நிற்காமல் தொடையையும் இடுப்பையும் சோதித்தார். பலவீனம் அங்கேதான் இருந்தது.

சில்லு தொடையின் முன்புறத் தசைநாணுக்குள் பதிந்திருக்கும் எலும்பு. முழங்காலை மடக்கி நீட்டும்போது, கப்பியில் ஓடும் கயிறு போல, தொடை எலும்பின் பள்ளத்தில் அது வழுக்கிச் செல்கிறது. படி இறங்கும்போது உடல் எடையைவிடப் பல மடங்கு அழுத்தம் அங்கே விழும். தசைகள் அதைத் தாங்காவிட்டால் வலிக்கத்தானே செய்யும்!

மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்காமல் காலை உயர்த்திப் பிடித்தேன். ஒருக்களித்துப் படுத்து மேல் காலைப் பக்கவாட்டில் தூக்கினேன். வலி அடங்கிய பிறகு, தாழ்வான படியில் நிதானமாக இறங்கிப் பழகினேன். மறுநாள் வலி கூடினால் அளவைக் குறைப்பேன். முழு ஓய்வு எடுக்கவில்லை. மூட்டில் எலும்புகளின் மேல் வழுவழுப்பாகப் படர்ந்திருக்கும் குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய்கள் கிடையாது, மூட்டுத் திரவமே அதற்கு உணவு. அசைவுதான் அந்தத் திரவத்தை உள்ளே செலுத்துகிறது.

மெல்ல மெல்ல, சில மாதங்களில், கைப்பிடியைப் பிடிக்காமல் இறங்க முடிந்தது. முட்டி வீங்கினாலோ, மடங்கிய நிலையில் பூட்டிக்கொண்டாலோ, நடக்கையில் நழுவினாலோ இந்தப் பயிற்சிகளைத் தொடங்காதீர்கள். முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள்.