டெக்னோ கிராபிக்ஸ்: கறுப்பும் நியோனும் பூசினால் போதுமா?

கறுப்புப் பின்னணி, நியோன் பச்சை, உடைந்து சிதறிய எழுத்து, மூலையில் ஒரு கியூஆர். டெக்னோ என்ற மின்னணு நடன இசையின் கிளப் கலாசாரம் பற்றிச் சுவரொட்டியோ மடிப்பிதழோ இணையப் பக்கமோ எதைச் செய்யச் சொன்னாலும் பெரும்பாலும் இதுதான் வந்து சேர்கிறது. தூரத்தில் நின்று பார்க்க நன்றாகத்தான் இருக்கும். கையில் எடுத்துச் சுழற்றினாலோ திரையைத் தொட்டாலோ குட்டு வெளிப்பட்டுவிடும். டெக்னோ ஒரு நேரக்கணக்கு: நிமிடத்துக்கு ஏறத்தாழ 120 முதல் 150 தாள அடி, நாலடிக்கு 16 படி. அந்தக் கணக்கைப் பார்ப்பவரின் கையில் கொடுக்காவிட்டால் மிச்சம் இருப்பது நிறம் மட்டும்தான். திருகோணமலையின் வெயிலையும் ஈரக்காற்றையும் டவுன் அச்சகங்களையும் நம்பி வேலை செய்பவர்கள் அடிக்கடி சறுக்கும் இடங்களை இங்கே பார்ப்போம்.

பேர்லினில் தொடங்கும் காலக்கோடு

காலக்கோட்டின் முதல் புள்ளியை 1989 நவம்பரில், பேர்லின் சுவர் விழுந்த இரவில் வைப்பவர்கள் அதிகம். டெக்னோ பிறந்தது அமெரிக்காவின் டெட்ரோயிட் பக்கத்தில், 1980களின் நடுப்பகுதியில். பெல்வில் என்ற புறநகரில் ஒரே பள்ளியில் படித்த ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சோண்டர்சன் என்ற மூன்று கறுப்பின இளைஞர்களின் கைவேலை அது. 1988இல் பிரித்தானியாவில் வெளியான ஒரு தொகுப்பு இசைத்தட்டு அந்தப் பெயரை ஐரோப்பாவில் பரப்பியது. பேர்லினில் ட்ரெசோர் கிளப் ஒரு பழைய பல்பொருள் அங்காடியின் நிலவறைப் பெட்டகத்தில் திறந்தது 1991இல். பெர்க்ஹைன் என்ற கிளப் வந்தது 2004இல். டெட்ரோயிட்டை விட்டுவிட்டு மூலப்பொருளாக கொங்கிரீற் சுவரை மட்டும் வரைவது பிழையான வரலாறு.

இன்னொன்று, "டெக்னோ யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் உள்ளது" என்ற வரி. 2024 மார்ச்சில் பேர்லின் டெக்னோ சேர்க்கப்பட்டது ஜெர்மனியின் தேசிய அருவ மரபுரிமைப் பட்டியலில். உலகப் பட்டியல் வேறு.

படத்திலும் கவனம் வேண்டும். இசைத்தட்டு வலஞ்சுழியாகச் சுற்றும். டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 என்ற இசைத்தட்டுச் சுழலியில் ஊசிக்கை வலப்பக்கம். படத்தை இடவலமாகத் திருப்பிப் போட்டால் இசை தெரிந்தவர் முதல் பார்வையிலேயே பிடித்துவிடுவார். ரோலண்ட் டிஆர்-909 தாள இயந்திரம். டிபி-303 பாஸ் (தாழ்சுர) இயந்திரம். 303ஐ வரைந்து "டிரம் மெஷின்" என்று எழுதுவதை நிறையவே காணலாம்.

சுழலும் அட்டை

ஊடாடும் அச்சு என்றதும் சிப், மின்கடத்தும் மை என்று ஓடத் தேவையில்லை. இரண்டு அட்டையும் நடுவில் ஒரு பித்தளை ஐலெட்டும் (துளை வளையம்) போதும். அடித்தட்டில் 16 படிகளும் வாத்தியங்களும் வளையம் வளையமாக இருக்கும். மேல் அட்டையில் ஒரு சாளரம். தட்டைச் சுழற்றினால் ஒவ்வொரு படியிலும் எது அடிக்கிறது என்று சாளரத்தில் தெரியும். 909இல் உள்ள 16 விசைகளையும் விளக்க இதைவிட மலிவான வழி இல்லை. ஆனால் இதில்தான் பிழைகள் வரிசை கட்டி நிற்கும்.

முதலாவது, கிக் என்ற பெரிய மேள ஒலிதான் முக்கியம் என்று அதை வெளி வளையத்தில் வைப்பது. கிக் விழுவது 1, 5, 9, 13 என்ற நாலு படிகளில் மட்டும். ஹைஹட் என்ற தாளத்தட்டு ஒலி 16 படியிலும் வரலாம். 12 சென்ரிமீற்றர் தட்டில் 50 மில்லிமீற்றர் ஆரையில் ஒரு படிக்கு ஏறத்தாழ 19.6 மில்லிமீற்றர் கிடைக்கும். 20 மில்லிமீற்றர் ஆரையில் 7.9தான். பதினாறு புள்ளிகளை உள்ளே நெருக்கி அடைத்துவிட்டு நாலு புள்ளியை வெளியே பரத்தி வைப்பது தலைகீழ் வேலை. ஹைஹட் வெளியே, கிக் உள்ளே.

இரண்டாவது, சாளரத்தை நேரான பட்டையாக வெட்டுவது. 8 மில்லிமீற்றர் அகலப் பட்டை உள் வளையத்தில் ஒரு முழுப் படியையும் காட்டும், வெளி வளையத்தில் பாதிகூடக் காட்டாது. சாளரம் ஆப்பு வடிவில் இருக்க வேண்டும். ஒரு படி 22.5 பாகை; சாளரத்தை 20 பாகையில் வெட்டுங்கள். இரு பக்கமும் மிஞ்சும் 1.25 பாகை வெளி வளையத்தில் சுமார் 1 மில்லிமீற்றர். கைவெட்டின் தள்ளாட்டத்தை அது தாங்கும்.

மூன்றாவது பிழைதான் எல்லாவற்றிலும் பொல்லாதது. சாளரம் உச்சியில் இருக்க, தட்டை வலஞ்சுழியாகச் சுழற்றினால் அடுத்ததாகச் சாளரத்துக்கு வருவது இடப்பக்கத்தில் இருந்த படி. ஆகவே இலக்கங்களை இடஞ்சுழியாக அச்சடிக்க வேண்டும். பலர் கடிகாரம் மாதிரி வலஞ்சுழியாகவே போட்டுவிடுகிறார்கள். தாளம் பின்னோக்கி ஓடுகிறது. சோதித்தாலும் அகப்படாது. ஏனென்றால் கிக் 1, 5, 9, 13இல், கிளாப் (கைதட்டல் ஒலி) 5, 13இல், திறந்த ஹைஹட் 3, 7, 11, 15இல். இவற்றை முதற்படியிலிருந்து திருப்பி வாசித்தாலும் அதே வரிசைதான் வரும். 4, 7, 12 என்று சமச்சீரில்லாத ஒரு தாளத்தைப் போட்டுச் சோதியுங்கள். திரும்பியிருந்தால் அது 6, 11, 14 ஆக வரும், உடனே தெரிந்துவிடும்.

அடித்தட்டுக்கு 300 கிராம், மேலுக்கு 250 கிராம் அட்டை சரி. இரண்டையும் பளபளப்பு லமினேற் செய்தால் வாடைக்கால ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நடுவில் 15 மில்லிமீற்றர் அளவில் ஒரு சிறு அட்டை வில்லை வையுங்கள், ஐலெட்டை இறுக அடிக்க வேண்டாம்.

கறுப்பு, நியோன், வெயில்

திரைக் கறுப்பை அப்படியே அச்சுக்கு மாற்றினால், போட்டோஷொப் வழக்கமான அமைப்பில் சயன் 75, மஜென்டா 68, மஞ்சள் 67, கறுப்பு 90 என்று நாலு அச்சுத் தட்டிலும் மை ஏறும். மொத்தம் 300 வீதம். லேயவுட் மென்பொருளின் "ரெஜிஸ்ட்ரேஷன்" நிறத்தைத் தெரியாமல் எடுத்தால் 400. ஒக்டோபர் தொடங்கி ஜனவரி வரை மழையும் ஈரமுமாக இருக்கும் ஊரில் அந்த மை காயாது. அடுக்கிய தாளில் மேலுள்ளதன் முதுகில் ஒட்டிக்கொண்டு வரும். பெரிய பரப்புக்கு 60, 40, 40, 100 போதும், மொத்தம் 240. சிறு எழுத்துக்கும் கியூஆருக்கும் கறுப்பு மை 100 மட்டும்.

கறுப்பில் வெள்ளை எழுத்து விடும்போது தமிழ் சீக்கிரம் அடைபடும். ண, ஞ, ழ ஆகியவற்றின் சுழிகளுக்குள் மை புகுந்துவிடும். 9 புள்ளிக்குக் கீழே போகாதீர்கள், மெல்லிய எழுத்தைத் தவிருங்கள். ஆங்கில கொண்டென்ஸ்ட் (ஒடுங்கிய) எழுத்துக்கு ஈடாகத் தமிழைப் பக்கவாட்டில் நசுக்குவது இன்னும் மோசம்: நிற்கும் கோடு மெலியும், படுக்கும் கோடு அதே தடிப்பில் நிற்கும். கறுப்பு நிரப்பிய தாளை மடிப்பதானால் முதலில் மடிப்புத் தடம் அழுத்த வேண்டும், இல்லாவிட்டால் மடிப்பில் வெள்ளைக் கோடு விழும்.

திரையில் எரியும் நியோன் பச்சை நாலு நிற அச்சில் வராது. வந்தது வாடிய வாழையிலை நிறம் என்றால் அச்சகத்தாரோடு சண்டை போட்டுப் பயனில்லை. ஒளிரும் மையை ஸ்கிரீன் பிரின்டில் தனி நிறமாக ஏற்ற வேண்டும். கறுப்புத் தாளில் என்றால் முதலில் வெள்ளை அடித்தளம், அதன்மேல் நியோன். நேரே அடித்தால் கறுப்பு விழுங்கிவிடும். புற ஊதா விளக்கின் கீழ் காட்டுவதானால் தாளையும் சோதியுங்கள். வெண்மையூட்டிய தாள் தானே நீலமாக ஒளிரும், நியோனை மங்கடித்துவிடும். டச்சுக்குடாப் பக்கம் வெயிலில் ஒட்டும் சுவரொட்டிக்கு ஒளிரும் மை வேண்டாம். எந்த நிறத்தையும்விட விரைவாக அதுதான் வெளுக்கும்.

வெப்பத்தில் நிறம் மாறும் மை இன்னொரு ஆசை. விரல் வைத்தால் மறைந்து அடியில் உள்ள படம் தெரியும். இதில் பரவலாகக் கிடைக்கும் வகை 31 பாகை செல்சியஸில் மாறுவது. குளிர்நாட்டு அறையில் அது மந்திரம். இங்கே கச்சான் காற்று வீசும் மாதங்களில் நண்பகலில் காற்றின் வெப்பமே அதைத் தாண்டும். யாரும் தொடாமலே படம் மறைந்து கிடக்கும். இந்த ஊருக்கு 47 பாகையில் மாறும் வகையை எடுத்து, சூடான தேநீர்க் கோப்பை வைக்கும் அட்டையாக வடிவமைக்கலாம். தொடுகைக்கே வேண்டுமென்றால் குளிரூட்டிய அறைக்குள் மட்டும்.

கியூஆர்

டெக்னோ அழகுக்காகக் கறுப்பில் வெள்ளைக் கியூஆர் போடுகிறார்கள். சில போன்கள் வாசிக்கும், சில வாசிக்காது. வெள்ளைப் பெட்டிக்குள் கறுப்பாகவே வையுங்கள். சுற்றிலும் நாலு கட்ட அகலம் வெறுமையாக இருக்க வேண்டும்; அந்த வெறுமையில் அலங்காரக் கோடு இழுப்பதுதான் வாசிக்காமல் போவதற்கு மிகச் சாதாரணமான காரணம். முகவரியைச் சுருக்குங்கள்: 26 எழுத்துக்குள் இருந்தால் நடுத்தரப் பிழைதிருத்தத்தோடு 25க்கு 25 கட்டத்தில் அடங்கும், ஒரு கட்டம் 0.8 மில்லிமீற்றர் என்றால் வெறுமையோடு சேர்த்து 26.4 மில்லிமீற்றர். சுவரொட்டியில் வாசிக்கும் தூரத்தில் பத்தில் ஒரு பங்கு அகலம்: ஒன்றரை மீற்றருக்கு 15 சென்ரிமீற்றர்.

திரையில் தாளம் நழுவுவது

130 அடி வேகத்தில் ஓர் அடிக்கு 461.5 மில்லிசெக்கன். அதை 461 என்று வெட்டி, உலாவியின் சாதாரண டைமரில் ஓடவிட்டால் அடிக்கு அரை மில்லிசெக்கன் பிழை. யாருக்குத் தெரியப்போகிறது என்று தோன்றும். நிமிடத்துக்கு 70 மில்லிசெக்கன் சேரும். ஏழு நிமிடத்துக்குள் படம் ஓரடி முந்திவிடும். டைமர் தன்பாட்டில் தாமதிப்பது வேறு. உலாவியின் ஒலிக் கடிகாரத்தையே நம்புங்கள்: 25 மில்லிசெக்கனுக்கு ஒருமுறை விழித்து, அடுத்த 100 மில்லிசெக்கனுக்குள் வரும் ஒலிகளை முன்கூட்டியே குறித்து வைத்துவிட்டு, படத்தை அந்தக் கடிகாரத்தைப் பார்த்து வரைய வேண்டும். திரும்பத் திரும்ப ஓடும் லூப்புக்கு எம்பி3 வேண்டாம், தொடக்கத்திலும் முடிவிலும் அது மௌனம் சேர்க்கும். வேவ் கோப்பு நல்லது. செக்கனுக்கு 44,100 ஒலி மாதிரி (சாம்பிள்) என்ற வீதத்தில் 126 அடி வேகம் என்றால் நாலடிக்குச் சரியாக 84,000 மாதிரி, மிச்சம் இல்லை. 130இல் பின்னம் விழும். தெரிந்தெடுக்கும் உரிமை இருந்தால் 126ஐ எடுங்கள்.

தொடுமுன் ஒலி வரும் என்று எதிர்பார்க்காதீர்கள், உலாவி தடுக்கும். பெரிய "தொடங்கு" பொத்தான் ஒன்று வேண்டும். போன் ஒலிபெருக்கியில் 50, 60 ஹேர்ட்ஸ் கிக் கேட்காது. கிக்கின் தொடக்கத்தில் ஒரு கூர்மையான "டிக்" சேர்க்காவிட்டால் திரையில் கோடு துள்ளும், காதில் ஒன்றும் விழாது. அதிர்வைக் கொண்டு ஈடுசெய்யலாம் என்றால் ஐபோன் சபாரியில் அந்த வசதி இல்லை.

திரை பளிச்சிட்டு மறையும் மின்னல் விளைவில் விளையாட்டு வேண்டாம். வலிப்பு நோயுள்ளவர்களுக்காக இணைய அணுகல் விதி சொல்வது செக்கனுக்கு மூன்று மின்னலுக்கு மேல் கூடாது என்பது. 130 வேகத்தில் அடிக்கொரு மின்னல் செக்கனுக்கு 2.17, பிழையில்லை. அரையடிக்கு ஒன்று என்றால் 4.33, எல்லை தாண்டியது. அரையடியைக் காட்ட வெளிச்சத்தை விட்டுவிட்டு அளவை மாற்றுங்கள். போனில் "அசைவைக் குறை" என்று வைத்திருப்பவருக்கு மின்னலே வேண்டாம்.

எழுத்தைச் சிதறடிக்கும் அசைவில் தமிழ் படும் பாடு தனி. "டெக்னோ" கண்ணுக்கு மூன்று எழுத்து. கணினிக்கு ஆறு குறியீடு. ஆங்கிலத்துக்கு எழுதிய நிரலால் வெட்டினால் கொம்பு ஓரிடம், புள்ளி ஓரிடம், நடுவில் புள்ளிவட்டங்கள். ஜாவாஸ்கிரிப்டில் உள்ள செக்மென்டர் கருவியால் எழுத்துக் கொத்தாக வெட்ட வேண்டும். அச்சுப் பக்கத்திலும் இதே தலையிடி: நீங்கள் யூனிகோடில் கொடுப்பீர்கள், கடையில் யூனிகோட் அல்லாத பழைய பாமினி எழுத்துரு இருக்கும், திறந்ததும் கொம்பெல்லாம் இடம் மாறி நிற்கும். எழுத்துகளை வடிவங்களாக மாற்றி பிடிஎப் ஆகவே கொடுங்கள். திருத்தக்கூடிய பிரதி உங்களிடம் இருக்கட்டும்.

முகங்கள்

பேர்லினின் பல கிளப்களில் வாசலிலேயே போன் கமெராவில் ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்கள். உள்ளே படம் எடுக்கக் கூடாது. அந்தக் கலாசாரத்தைப் பற்றிய கிராபிக்ஸில் ஆடுபவர்களின் முகத்தைப் பெரிதாகப் போடுவது முரண். உப்புவெளிக் கடற்கரையில் எடுத்த கொண்டாட்டப் படம் என்றால் இன்னும் யோசிக்க வேண்டும். ஊர் சின்னது, முகத்தை மங்கடித்தாலும் சட்டையை வைத்து யார் பிள்ளை என்று சொல்லிவிடுவார்கள். கையால் வரைந்த நிழலுருவம் போதும். பின்னணிக்குக் கோணேசர் மலையை இழுக்காமல், சீனக்குடாவின் பழைய எண்ணெய்த் தாங்கிகளைப் பாருங்கள்: துருப்பிடித்த வட்டச் சுவர், வரிசையாக ஆணித்தலைகள். 16 படியாகப் பிரிக்க அந்த வட்டமே வசதியாக இருக்கும்.