சின்ன வேஷத்துக்கு ஒரு வாத்தியார்

முல்லைத்தீவு முள்ளியவளைப் பக்கம் கோவலன் கூத்துப் பழகும் பெடியள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "அண்ணை, எனக்குச் சின்ன வேஷம். இதில் என்னத்தைச் செய்து காட்டுறது?" நானும் பொற்கொல்லன் வேஷம் கட்டுகிறவன்தான். ஹாலிவுட் நடிகர் ட்வைட் ஃப்ரை நடித்த பழைய பேய்ப் படங்களைப் பாருங்கள் என்பேன். அவற்றை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஆண்டு வரிசையைப் பிடியுங்கள். 1931இல் 'டிராகுலா'வில் ரென்ஃபீல்ட். அதே ஆண்டுக் கடைசியில் 'பிராங்கன்ஸ்டைன்' படத்தில் கூனன் ஃப்ரிட்ஸ். 1935இல் 'பிராங்கன்ஸ்டைனின் மணமகள்' படத்தில் கார்ல். இந்த மூன்றும் போதும். அந்தக் கூனனின் பெயர் ஈகோர் என்று பலர் சொல்வார்கள். ஈகோர் 1939இல் வந்தவன், நடித்தவர் பெலா லுகோசி. அந்தப் பெயரைப் போட்டுத் தேடினால் வேறு ஆளிடம் போய் நிற்பீர்கள்.

இரவில், விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். கறுப்பு வெள்ளைப் படத்தின் இருட்டு, பகல் வெளிச்சத்தில் போன் திரையில் தெரியாது.

'டிராகுலா'வை இரண்டு முறை பார்க்க வேண்டும். முதல் முறை சத்தத்தை நிறுத்திவிடுங்கள். தொடக்கத்தில் ரென்ஃபீல்ட் காணி வீட்டு அலுவலாக வரும் ஒழுங்கான மனிதன். தொப்பியும் நடையும் அப்படி. பிறகு கப்பலின் அடித்தட்டிலிருந்து படிக்கட்டு வழியாக மேலே பார்க்கிறானே, அந்த இடத்தில் நிறுத்தி முகத்தை வடிவாகப் பாருங்கள். அதே ஆள்தான், ஆனால் கண் வேறு. இரண்டாம் முறை கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சிரிப்பை மட்டும் கேளுங்கள். வாயை அகலத் திறக்காமல் உள்ளுக்குள்ளேயே இழுத்து இழுத்து வரும். நம் ஆட்கள் பயம் காட்ட உரத்துச் சிரிப்பார்கள். இவர் சத்தத்தை அடக்கியே நடுங்க வைத்துவிட்டார்.

ஃப்ரிட்ஸிடம் எனக்குப் பிடித்தது ஒரு காலுறை. குட்டைத் தடியோடு படிக்கட்டில் போகிறவன் நடுவில் நின்று, நழுவிய காலுறையை இழுத்துவிட்டுப் போகிறான். கதைக்கு அது தேவையே இல்லை. ஆனால் அந்த நொடியில் அவன் பூதமாக இல்லாமல், குளிரில் வேலை செய்கிற ஒரு மனிதனாகிவிடுகிறான். இப்படி ஓர் இடத்தைக் கண்டால் கொப்பியில் குறித்து வையுங்கள். வசனத்தை எழுத வேண்டாம், கை கால் என்ன செய்தது என்று மட்டும் எழுதுங்கள்.

பிற்காலப் படங்களில் ஃப்ரைக்குக் கிடைத்தவை பெரும்பாலும் துண்டு வேஷங்கள். போர்க் காலத்தில் விமானத் தொழிற்சாலையில் இரவு வேலையும் செய்தார். 1943 நவம்பர் 7இல், 44 வயதில் இறந்துபோனார். அந்தத் துண்டு வேஷங்களையும் விடாதீர்கள். எதையும் அவர் ஏனோதானோவென்று செய்யவில்லை.

அப்புறம் களரியில், அதாவது கூத்து மேடையில், செய்து பாருங்கள். காலுறையை அப்படியே எடுக்கக் கூடாது, உங்கள் வேஷத்துக்கு எது காலுறை என்று தேட வேண்டும். பாண்டியனிடம் பொய் சொல்லப் போகுமுன் நான் ஒரு கணம் நின்று, தோளில் நழுவிய சால்வையை மடித்துச் சரிசெய்தேன். அன்று எங்களுக்குக் கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாள் பழக்கத்தில், நான் அதை மறந்து நேரே நடந்தபோது தாளத்தை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "எங்கை உன்ரை சால்வை?"