ஆர்கானிக் கெமிஸ்ட்ரில மார்க் போறது எங்கன்னா, அம்பு ஆரம்பிக்கிற இடத்துல

போன வாரம் பிளஸ் டூ டெஸ்ட் பேப்பர் திருத்திட்டு இருந்தேன். கேள்வி சின்னதுதான், வில்லியம்சன் முறையில (ஆல்காக்ஸைடும் ஆல்கைல் ஹாலைடும் சேத்து ஈதர் செய்யுற முறை) டெர்ஷியரி பியூட்டைல் மெத்தில் ஈதர் தயாரிக்கணும். ஒரு பொண்ணு டெர்ஷியரி பியூட்டைல் புரோமைடு கூட சோடியம் மெத்தாக்ஸைடு எழுதி, அம்பு போட்டு, அந்தப் பக்கம் ஈதர், பக்கத்துல சோடியம் புரோமைடுன்னு முடிச்சிருந்துச்சு. பாக்க கச்சிதமா இருக்கு, எண்ணிப் பாத்தா அணுக்கள் கூட ரெண்டு பக்கமும் சரியா வருது, ஆனா லேப்ல இப்படி செஞ்சா கைக்கு வர்றது பெரும்பாலும் 2-மெத்தில்புரோப்பீன்தான், ஈதர் இல்ல.

ஏன்னு பாப்போம். வில்லியம்சன்னா எஸ்என்2, அதாவது ஒண்ணு பின்பக்கமா உள்ள வரும்போதே இன்னொண்ணு மறுபக்கமா வெளிய போற ரியாக்ஷன். மெத்தாக்ஸைடு வந்து புரோமின் ஒட்டியிருக்கிற கார்பன பின்பக்கமா அட்டாக் பண்ணணும். அந்தக் கார்பனச் சுத்தி மூணு மெத்தில் குரூப் அடைச்சிட்டு நிக்குது, உள்ள நுழைய வழியே இல்ல. மெத்தாக்ஸைடு நல்ல ஸ்ட்ராங் பேஸும் கூட, அதனால வெளிய கைக்கு எட்டுற ஹைட்ரஜன் ஒண்ண புடுங்குது, அந்த எலக்ட்ரான் உள்ள போய் டபுள் பாண்டாகுது, புரோமைடு கழண்டு போகுது. இதையே திருப்பிப் போட்டு டெர்ஷியரி பியூட்டாக்ஸைடு கூட மெத்தில் புரோமைடு எடுத்தா வேலை முடிஞ்சுது. மெத்தில் புரோமைடுல வழிய மறைக்க யாரும் இல்ல, பக்கத்துல இன்னொரு கார்பனே இல்லாததால டபுள் பாண்ட் வரவும் வாய்ப்பில்ல.

அந்தப் பொண்ணு படிக்காம வந்து எழுதல, பொதுச் சமன்பாடு அப்படியே மனப்பாடம். ஆனா அது ரியாக்ஷன, இங்கிருந்து ஒரு துண்டு அங்கிருந்து ஒரு துண்டு எடுத்து ஒட்டுற வேலையா பாத்திருக்கு. நான் இத்தன வருஷமா பேப்பர்ல பாக்குற தப்புல பாதிக்கு மேல இந்த ஒண்ணுலதான் வந்து நிக்கும். எலக்ட்ரான் யார்கிட்ட இருக்கு, யாருக்கு வேணும், போற வழி திறந்திருக்கா, இந்த மூணையும் கேக்காம நேரா புராடக்டுக்குப் போயிடுறாங்க.

அடுத்தது அம்பு. வளைஞ்ச அம்புக்குறி எலக்ட்ரானோட பயணத்தக் காட்டுறது, அணுவோட பயணத்த இல்ல. கெர்மாக்கும் ராபின்சனும் 1922ல இத வேதியியலுக்குள்ள கொண்டு வந்ததிலிருந்து அர்த்தம் இதுதான். ஆனா ஆல்கஹால்ல இருந்து தண்ணி எடுக்குற மெக்கானிசம் எழுதச் சொன்னா, பத்துல ஏழு நோட்டுல எச் பிளஸ்ல இருந்து ஆக்ஸிஜனுக்கு அம்பு போகுது. எச் பிளஸ் தானே வந்து ஒட்டுது, அதனால அதுல இருந்துதான் அம்புன்னு நினைச்சுக்கிறாங்க. எச் பிளஸ்கிட்ட ஒரு எலக்ட்ரான் கூட இல்லங்க, அது எத அனுப்பும்? ஆக்ஸிஜன் மேல பாண்ட்ல சேராம இருக்கிற எலக்ட்ரான் ஜோடில, அதாவது லோன் பேர்ல ஆரம்பிச்சு எச் பிளஸ்ல முடியணும். நோட்டுல ஒவ்வொரு அம்போட வாலையும் பாருங்க, வால் இருக்கிற இடத்துல ஒரு பாண்டோ லோன் பேரோ இல்லன்னா அந்த அம்பு தப்பு. அம்பு முடியுற கார்பன்ல பாண்ட் அஞ்சாகுதான்னும் எண்ணிடுங்க, அப்படி ஆனா எந்த பாண்டோ உடையணும், அந்த அம்ப நீங்க போட மறந்திருக்கீங்க.

நேம் ரியாக்ஷன்ஸ் பத்தி கொஞ்சம் விரிவாவே சொல்லணும். ஆல்டால் குறுக்கம்னா அசிட்டால்டிஹைடு, கன்னிசாரோன்னா பென்சால்டிஹைடு, இப்படி பேருக்கு ஒரு மூலக்கூறுன்னு ஜோடி போட்டு வச்சிருப்பாங்க. 2,2-டைமெத்தில்புரோப்பனல் குடுத்து அடர் சோடியம் ஹைட்ராக்ஸைடு சேத்தா என்ன ஆகும்னு கேட்டா அப்படியே நின்னுடுவாங்க, சிலர் பென்சீன் ரிங் இல்லையே, அப்போ ஆல்டால்தான்னு எழுதிடுவாங்க. பாக்க வேண்டியது ரிங்க இல்ல, ஆல்பா ஹைட்ரஜன. கார்பனைலுக்குப் பக்கத்துக் கார்பன்ல ஹைட்ரஜன் இருந்தா பேஸ் அத எடுத்துடும், மிச்சமாகுற நெகட்டிவ் சார்ஜ ஆக்ஸிஜன் பங்கு போட்டுக்கும், அந்தக் கார்பன் போய் இன்னொரு ஆல்டிஹைட அட்டாக் பண்ணும், அதான் ஆல்டால். அந்த ஹைட்ரஜனே இல்லன்னா ஹைட்ராக்ஸைடுக்கு வேற வழியில்லாம கார்பனைல் கார்பன்லயே ஏறிடுது, அங்க இருந்து ஹைட்ரைடு (ரெண்டு எலக்ட்ரானோட போற ஹைட்ரஜன்) கழண்டு அடுத்த ஆல்டிஹைடுக்குத் தாவுது, குடுத்தது ஆசிட் உப்பாகுது, வாங்கினது ஆல்கஹாலாகுது. கன்னிசாரோல ஏன் ரெண்டு புராடக்ட் வருதுன்னு தனியா மனப்பாடம் பண்ணவே வேணாம் பாருங்க. 2,2-டைமெத்தில்புரோப்பனல்ல பக்கத்துக் கார்பன்ல மூணு மெத்தில், ஹைட்ரஜன் கிடையாது, அதனால கன்னிசாரோ.

சமன்பாட்டுல நடுவுல போடுற நேர் அம்புக்கு மேல எழுதுற கரைப்பான், வெப்பநிலை எல்லாத்தையும் அலங்காரம்னு நினைச்சு விட்டுடாதீங்க. ஃபீனால் கூட புரோமின் தண்ணில கலந்து போட்டா 2,4,6-டிரைபுரோமோஃபீனால் வெள்ளையா வீழ்படிவாகும், அதே புரோமின கார்பன் டைசல்ஃபைடுல குளிர்ச்சியா வச்சு போட்டா ஒரு புரோமின்தான் ஏறும்.

அனிலின் நைட்ரேஷன்ல மெட்டா (ரிங்குல ஒரு கார்பன் தள்ளி இருக்கிற இடம்) 47 சதவீதம் வருதுன்னு பாத்ததும், அமினோ குரூப் ஆர்த்தோ பாரா, அதாவது பக்கத்து இடத்துக்கும் நேர் எதிர் இடத்துக்கும் அனுப்பும்னுதானே சொன்னீங்க, இப்போ ரூல் மாறுதேன்னு பசங்க கோவப்படுவாங்க. ரூல் மாறல. ஆசிட்ல அனிலினோட பெரும்பகுதி அனிலினியம் அயனாகிடுது, நைட்ரஜனோட லோன் பேர எச் பிளஸ் எடுத்துக்கிச்சு, ரிங்குக்குக் குடுக்க ஒண்ணும் இல்ல, அதான் மெட்டா. திரும்பவும் எலக்ட்ரான் யார்கிட்டங்கிற கேள்விதான்.

மனசுக்கு ரொம்ப கஷ்டமா இருக்கிற விஷயம் ஒண்ணு. நிறைய இடத்துல பிளஸ் ஒன் வருஷத்துலயே பிளஸ் டூ பாடத்த ஆரம்பிச்சுடுறாங்க. இண்டக்டிவ் எஃபெக்ட், ரெசொனன்ஸ், கருக்கவர் பொருள், எலக்ட்ரான் கவர் பொருள், கார்போகேட்டயான் நிலைப்புத்தன்மை எல்லாம் பிளஸ் ஒன் புக்லதான் இருக்கு. அதத் தாண்டி குதிச்சு வந்த புள்ளைக்கு ஃபீனால் ஏன் எத்தனால விட ஆசிட்னு சொன்னா எப்படி புரியும், அது மனப்பாடம்தான் பண்ணும், அதுல அந்தப் புள்ள தப்பு என்ன இருக்கு. நீங்க அப்படி வந்தவங்கன்னா, ஒரு பத்து நாள் மத்ததெல்லாம் நிறுத்திட்டு அந்த பிளஸ் ஒன் பாடங்கள உக்காந்து படிங்க, பின்னாடி ஒரு மாசம் மிச்சமாகும். தமிழ் மீடியத்துல இருந்து காலேஜ் போறவங்க கருக்கவர் பொருள் பக்கத்துல நியூக்ளியோஃபைல்னு இப்பவே எழுதி வச்சுக்கோங்க, விஷயம் தெரிஞ்சும் வார்த்தை தெரியாததால முதல் செமஸ்டர்ல வாயே திறக்காம உக்காந்திருக்கிற புள்ளைங்கள பாத்திருக்கேன்.

ஸ்டீரியோ கெமிஸ்ட்ரிய பேப்பர்லயே பாத்துட்டு இருக்கிறதும் தப்புதான். கோதுமை மாவு உருண்டை ஒண்ணு நடுவுல, நாலு ஈர்க்குச்சி, நுனில நாலு கலர்ல உருண்டை, இது மாதிரி ரெண்டு செய்ங்க, ஒண்ணு இன்னொண்ணோட கண்ணாடி பிம்பமா இருக்கணும். ஒண்ணு மேல ஒண்ணு பொருத்திப் பாருங்க, எப்படித் திருப்பினாலும் ரெண்டு கலர் மாறியே நிக்கும். லாக்டிக் ஆசிட் ஏன் ரெண்டு விதமா இருக்குன்னு அப்புறம் யாரும் விளக்க வேண்டாம்.

கண்ணால மட்டும் வாசிச்சுட்டுப் போனா இந்தப் பாடம் நிக்காது. புக்க மூடிட்டு வெள்ளைப் பேப்பர்ல வரையணும், கன்வெர்ஷன் கணக்குன்னா கடைசி புராடக்ட்ல இருந்து பின்னாடி வரணும், இந்த பாண்ட் எதுல இருந்து வந்திருக்க முடியும்னு கேட்டுக்கிட்டே.

இப்பவே ஒண்ணு போட்டுப் பாருங்க. அனிசோல (பென்சீன் ரிங்கும் மெத்திலும் ஒரு ஆக்ஸிஜனால இணைஞ்ச ஈதர்) ஹைட்ரஜன் அயோடைடு கூட சூடு பண்ணினா ஃபீனாலும் மெத்தில் அயோடைடும் வருது. அயோடோபென்சீனும் மெத்தனாலும் ஏன் வரல? அயோடைடு மெத்தில பின்பக்கமா அட்டாக் பண்ற மாதிரி ஒரு அம்பு போடுங்க, ரிங்கோட கார்பன பின்பக்கமா அட்டாக் பண்ற மாதிரி இன்னொண்ணு போடுங்க. ரெண்டாவது அம்பு ரிங்குக்கு நடுவுல மாட்டிக்கும்.