முள் ஆடினால் உடனே மீட்டரை மாற்றாதீர்கள்

என்னிடம் ஒரு பழைய 100 சிசி வண்டி இருக்கிறது. ஃபிரேமைப் பிரித்துப் புதுசாகப் பெயின்ட் அடித்து ஏற்றியதிலிருந்து அதன் பெட்ரோல் முள்ளுக்கு ஒரு விசித்திரப் பழக்கம் வந்துவிட்டது. இண்டிகேட்டர் போட்டால் முள்ளும் கூடவே தாளம் போடும். விளக்கு எரியும்போது கால்வாசிப் பக்கம் துடித்து இறங்கும், அணைந்ததும் பழைய இடத்துக்கே ஏறிக்கொள்ளும்.

முதலில் டேங்க்குக்குள் பெட்ரோல் அளவை அறியும் மிதவையான ஃப்ளோட்டை மாற்றினேன். ஆட்டம் நிற்கவில்லை. அடுத்து மீட்டர் செட்டையே புதிதாக வாங்கி மாட்டினேன். புது முள்ளும் ஆடியது. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹெட்லைட்டைத் திறந்து, கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் வழியான எர்த் வயரைக் கையால் பிடித்துக்கொண்டே போனேன். அது ஃபிரேமில் போய் முடியும் இடத்தில், மின்சாரத்தை விடாத பளபளவென்ற புதுப் பெயின்ட்டின் மேலேயே வாஷரை வைத்து முடுக்கியிருந்தார்கள். பெயின்ட்டை ஒரு ரூபாய் அகலத்துக்கு உப்புத்தாளால் தேய்த்து, இரும்பு தெரிந்ததும் திரும்ப முடுக்கினேன். முள் அடங்கிவிட்டது. வேலை ஐந்து நிமிடம், அதற்கு முன் செய்த செலவு தண்டம்.

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். பழைய பைக்கில் கேஜ் தகராறு என்றால் நாம் செய்யும் முதல் தவறு அதுதான். கண்ணுக்கு நேரே தெரிவது மீட்டர் என்பதால் கை அங்கேதான் போகிறது. ஆனால் மீட்டர் தானாக எதையும் அளப்பதில்லை. சக்கரத்திலிருந்தோ டேங்க்கிலிருந்தோ பேட்டரியிலிருந்தோ வரும் சேதியைத்தான் அது காட்டுகிறது. ஆகவே தேடலும் கீழேயிருந்து மேலே வர வேண்டும்.

கேபிளில் ஓடும் ஸ்பீடோமீட்டர்

ஆர்எக்ஸ் 100, பழைய ஸ்ப்ளெண்டர், பழைய புல்லட் எல்லாவற்றிலும் இருப்பது ஒரே வகை. ஜெர்மனியின் ஓட்டோ ஷூல்ட்சே 1902-ல் காப்புரிமை வாங்கிய தத்துவம் அது. முன் சக்கரத்திலிருக்கும் ஸ்பீடோ கியர் என்ற சின்னப் பல்சக்கரப் பெட்டி, கேபிளின் இன்னரை, அதாவது உள்கம்பியை, சுழற்றுகிறது. இன்னரின் மேல்முனை மீட்டருக்குள் ஒரு காந்தத்தைச் சுழற்றுகிறது. அந்தக் காந்தத்தைத் தொடாமல் சுற்றி ஒரு அலுமினியக் கிண்ணம் இருக்கிறது. காந்தம் சுழல, கிண்ணத்தில் மின்சாரச் சுழி உண்டாகி அதுவும் கூடவே திரும்பப் பார்க்கும். தலைமுடி கனத்தில் ஒரு ஸ்பிரிங் அதை இழுத்துப் பிடிக்கும். இந்த இழுபறியில் முள் எங்கே நிற்கிறதோ அதுதான் வேகம். கிலோமீட்டர் எண்கள் மட்டும் பல்சக்கரத்தால் நேரடியாகச் சுழலும்.

இதைத் தெரிந்துகொண்டாலே பாதி நோய் பிடிபட்டுவிடும். முள்ளும் எண்ணும் இரண்டுமே நின்றுவிட்டால் கோளாறு பெரும்பாலும் கேபிளிலோ ஸ்பீடோ கியரிலோதான். எண் ஓடுகிறது, முள் மட்டும் படுத்திருக்கிறது என்றால் மீட்டருக்குள் கிண்ணம், ஸ்பிரிங் பக்கம் பாருங்கள். முள் சரியாகக் காட்டி எண் மட்டும் நின்றிருந்தால் உள்ளே பல்சக்கரத்தில் பல் போயிருக்கும். முள் தாறுமாறாக ஆடினால் கேபிள் வறண்டிருக்கும், அல்லது எங்கோ மடங்கியிருக்கும். இதில் எதையும் பார்க்காமல் கடைக்குப் போய் ‘ஒரு மீட்டர் கொடுங்க’ என்று கேட்பவர்கள்தான் அதிகம். நானும் அதில் ஒருவன் என்பதால் உரிமையோடு சொல்கிறேன்.

கேபிளைக் கழற்றி இன்னரை உருவிப் பாருங்கள். இரு முனையும் சதுரமாக இருக்க வேண்டும். சதுரம் தேய்ந்து உருண்டையாகியிருந்தால் அது வெறுமனே வழுக்கிக்கொண்டிருக்கும். சில வண்டிகளில் கேபிளின் கீழ்முனையில் பிளவு போட்டிருப்பார்கள், அங்கேயும் தேய்மானம் வரும். முனைகள் நன்றாக இருந்தால் கேபிளை மீட்டரிலிருந்து மட்டும் கழற்றி, முன் சக்கரத்தைத் தூக்கிவிட்டு, முன்பக்கமாகக் கையால் சுற்றுங்கள். மேலே இன்னர் சுழன்றால் கியரும் கேபிளும் நலம், மீட்டரைச் சந்தேகிக்கலாம்.

அடுத்த தவறு கிரீஸ். கேபிள் வறண்டிருக்கிறது என்றதும் இன்னர் முழுக்க அப்பிவிடுவார்கள். சுழலும் கேபிள் திருகாணி மாதிரி வேலை செய்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கிரீஸை மேலே ஏற்றும். அது மீட்டருக்குள் புகுந்து காந்தத்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவிலிருக்கும் மெல்லிய இடைவெளியில் ஒட்டினால், நாற்பதில் போகும்போது முள் தொண்ணூறைத் தொடும். வண்டி நின்ற பிறகும் சோம்பலாக இறங்கும். இன்னரின் கீழ்ப்பகுதியில் மட்டும் விரலால் மெல்லத் தடவுங்கள், மேலே ஒரு சாண் நீளத்துக்குக் கிரீஸே வேண்டாம்.

பஞ்சர் ஒட்டிய மறுநாள் ஸ்பீடோமீட்டர் வேலை செய்யவில்லை என்றால் ஆச்சரியமே படாதீர்கள். ஸ்பீடோ கியருக்குள் ஒரு வளையம் இருக்கும். அதில் இரண்டு காதுகள். அவை சக்கரத்து ஹப்பிலிருக்கும் பள்ளத்தில் சரியாக உட்கார வேண்டும். அவசரத்தில் அப்படியே வைத்து ஆக்ஸிலை முடுக்கினால் காது நசுங்கும் அல்லது ஒடியும். வெளியே இன்னொரு விஷயமும் உண்டு. ஸ்பீடோ கியரின் உடம்பில் ஒரு வெட்டு இருக்கும், அது ஃபோர்க்கின் அடியிலுள்ள முட்டுக்கட்டையில் சிக்கி நிற்க வேண்டும். சிக்காவிட்டால் சக்கரத்தோடு சேர்ந்து கியரே சுற்றி, கேபிளை முறுக்கி அறுத்துவிடும். பஞ்சர் கடையில் நிற்கும்போது டீ குடிக்கப் போகாமல் இந்த ஒரு நிமிடம் மட்டும் பக்கத்தில் நின்று பார்ப்பது உத்தமம். ஆக்ஸிலை முடுக்கும் முன் சக்கரத்தை மெதுவாகச் சுற்றி, காது பள்ளத்தில் ‘டக்’கென்று விழுந்ததா என்று உறுதிசெய்யச் சொல்லுங்கள்.

கேபிளை எந்த வழியாகக் கொண்டுபோகிறோம் என்பதும் முக்கியம். ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். எங்காவது சுருக்கென்று மடங்கினால் புதுக் கேபிளும் சில மாதங்களில் போய்விடும்.

வேகத்தைக் கொஞ்சம் கூட்டிக் காட்டுவதைக் கோளாறு என்று நினைக்க வேண்டாம். போனில் ஜிபிஎஸ் 46 என்று சொல்ல மீட்டர் 50 காட்டினால் அது இயல்புதான். நிஜ வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது என்பதால் கூட்டிக் காட்டும்படியே செய்வார்கள். அதைச் ‘சரி’ செய்கிறேன் என்று கண்ணாடியைப் பிரித்து முள்ளைப் பிடுங்கி வேறு இடத்தில் குத்தினால், அந்த மெல்லிய ஸ்பிரிங் வளைந்து மீட்டரே போய்விடும். முன்சக்கர அளவை மாற்றியவர்களுக்கு மட்டும் இது வேறு கணக்கு. சின்னச் சக்கரம் அதிகச் சுற்று சுற்றுவதால் வேகமும் கிலோமீட்டரும் சேர்ந்தே கூடும்.

புல்லட்டின் ஆம்ப் மீட்டர்

திருவொற்றியூர் ஆலையிலிருந்து வந்த பழைய காஸ்ட் அயர்ன் இன்ஜின் புல்லட் வைத்திருப்பவர்களை அதிகம் பயமுறுத்துவது ஹெட்லைட் கூட்டுக்கு மேலிருக்கும் அந்தச் சின்ன ஆம்ப் மீட்டர். பேட்டரிக்குக் கரண்ட் ஏறுகிறதா, அதிலிருந்து இறங்குகிறதா என்று காட்டுவது அது. நடுவில் பூஜ்யம், ஒரு பக்கம் கூட்டல், மறுபக்கம் கழித்தல். ஓடும்போது முள் நடுவிலேயே நிற்கிறது என்று பதறுவார்கள். பேட்டரி நிரம்பியிருந்தால் அது அங்கேதான் நிற்கும். ஹெட்லைட்டைப் போட்டு வண்டியை ஐடிலிங்கில் விட்டால் கழித்தல் பக்கம் சாய்வதும் சகஜம். ஆக்ஸிலரேட்டரைத் திருக, கூட்டல் பக்கம் வர வேண்டும். நல்ல வேகத்தில் போகும்போதும் கழித்தலிலேயே கிடந்தால்தான் சார்ஜ் ஏறவில்லை என்று பொருள். அப்போதும் ஆம்ப் மீட்டரை மாற்றிப் பயனில்லை, கரண்ட் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர், அதை டிசி ஆக்கும் ரெக்டிஃபையர் பக்கம் போங்கள். எல்லாமே தலைகீழாகக் காட்டினால் பின்னாலிருக்கும் இரண்டு வயரையும் யாரோ இடம் மாற்றி மாட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இதைப் பரிசோதிக்கிறேன் என்று பேட்டரியின் இரு முனைக்கும் குறுக்கே வைத்துவிடாதீர்கள். ஆம்ப் மீட்டருக்குத் தடை இல்லை என்றே சொல்லலாம். அப்படி வைத்தால் நேரடி ஷார்ட், நொடியில் கருகிவிடும். மல்டிமீட்டரை ஆம்பியரில் வைத்துவிட்டு வோல்ட் பார்க்கப் போகிறவர்களுக்கும் இதே கதிதான், குறைந்தது அதன் ஃப்யூஸ் போகும்.

வண்டியின் மின்சாரத்தில் பெரும்பகுதி இந்த மீட்டர் வழியாகவே போவதால் பின்னாலிருக்கும் நட்டு தளர்ந்தால் ஹாரன், இண்டிகேட்டர் எல்லாம் சேர்ந்து செத்துவிடும். ஒற்றைச் சிலிண்டரின் அதிர்வில் நட்டு தளர்வதற்குக் கேட்கவா வேண்டும்! கைவைக்கும் முன் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். ஸ்பேனர் பக்கத்து இரும்பில் பட்டால் பொறி பறக்கும்.

பெட்ரோல் முள்

இங்கே வரிசை முக்கியம். முதலில் மீட்டருக்குக் கரண்ட் வருகிறதா, எர்த் இருக்கிறதா என்று பாருங்கள். மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை மீட்டரின் எர்த்திலும் தொட்டுக்கொண்டு இண்டிகேட்டரைப் போடுங்கள். எண் பூஜ்யத்தை ஒட்டியே இருக்க வேண்டும். அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று விளக்கோடு சேர்ந்து குதித்தால் எர்த் கெட்டிருக்கிறது. எனக்கு இது முன்னமே தெரிந்திருந்தால் ஒரு மீட்டர் செட் மிச்சம்.

எர்த் சரி என்றால் டேங்க்கிலிருந்து வரும் வயர் இணைப்பான கப்ளரைக் கழற்றி விட்டு முள்ளைக் கவனியுங்கள். அது ஒரு கோடிக்குப் போக வேண்டும். பிறகு மீட்டர் பக்கத்துச் சேதி வயரை ஒரு கணம் எர்த்தில் தொட்டால் மறுகோடிக்குப் போக வேண்டும். எது ஃபுல், எது காலி என்பது வண்டிக்கு வண்டி மாறும். இரண்டு கோடிக்கும் போனால் மீட்டர் நல்ல மீட்டர், கோளாறு டேங்க்குக்குள். பெட்ரோல் வாடை அடிக்கும் இடத்தில் இதைச் செய்யாதீர்கள்.

ஃப்ளோட்டை வெளியே எடுப்பதாக இருந்தால் டேங்க்கைக் காலி செய்துவிட்டு, வீட்டுக்கு வெளியே காற்றோட்டத்தில் வைத்து எடுங்கள். ஓம் அளவில் மல்டிமீட்டரை வைத்து கம்பியை மெதுவாக ஏற்றி இறக்கினால் எண் வழவழவென்று மாற வேண்டும். நடுவில் திடீரென்று அறுந்தால் உள்ளே கம்பி உரசி நகரும் தடம் தேய்ந்துவிட்டது. ஃப்ளோட்டைக் காதருகே குலுக்கிப் பாருங்கள். உள்ளே சளசளத்தால் பெட்ரோல் புகுந்து கனத்துவிட்டது, அது மிதக்கப்போவதில்லை. திரும்ப மாட்டும்போது ரப்பர் வாஷருக்குப் பதிலாகச் சாதாரண சிலிக்கான் பசையைத் தடவுவது நம் ஊரில் பரவலான தவறு. பெட்ரோல் பட்டால் அது ஊறி உரிந்துவிடும். டேங்க்கின் அடியில் கசிவு, கீழே சூடான இன்ஜின். யோசித்துக்கொள்ளுங்கள்.

மற்றவை சுருக்கமாக. இக்னிஷனிலிருந்து சிக்னல் எடுத்து இன்ஜின் சுற்றைக் காட்டும் டாக்கோமீட்டர் முள் துள்ளினால், கடைசியாக ஸ்பார்க் பிளக்கோ பிளக் கேப்போ மாற்றினீர்களா என்று நினைத்துப் பாருங்கள். ரெசிஸ்டர் இல்லாததை மாட்டினால் அந்தத் தொல்லை வரும். மீட்டர் பல்பு அடிக்கடி ஃப்யூஸ் ஆனால் பல்பைத் திட்டாமல் வோல்ட்டைக் கட்டுக்குள் வைக்கும் ரெகுலேட்டரைப் பாருங்கள். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே இண்டிகேட்டர் விளக்கு உள்ள மீட்டரில், வெளியே நான்கையும் எல்இடி ஆக்கினால் எந்தப் பக்கம் போட்டாலும் நான்கும் மின்னக்கூடும். நியூட்ரல் விளக்கு எரியாவிட்டால் பல்பை மாற்றும் முன் இன்ஜினில் செயின் மூடிக்குள் போகும் ஒற்றை வயரைப் பாருங்கள், செயின் அழுக்கில் அது புதைந்து கிடக்கும். பிளாஸ்டிக் கண்ணாடியைப் பெட்ரோலாலோ தின்னராலோ துடைத்தால் மங்கிப் போகும். சோப்புத் தண்ணீரும் பழைய பனியன் துணியும் போதும்.

மீட்டரை மாற்றியே தீர வேண்டும் என்றால், பழையதில் ஓடிய கிலோமீட்டரைப் படம் எடுத்து, தேதியோடு சர்வீஸ் நோட்டில் எழுதிவையுங்கள். ஆயில் மாற்றும் கணக்குக்கும் உதவும், பின்னால் வண்டியை விற்கும்போது வாங்குபவர் கேட்கும் கேள்விக்கும் பதில் இருக்கும். நான் வீணாகக் கழற்றிய அந்த மீட்டர் செட் இன்னும் பரணில்தான் இருக்கிறது. நல்ல நிலையில், 41,386 கிலோமீட்டரில் நின்றபடி.