ரோட்டரி டேபிளில் ஆட்டம் இருந்தால்

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணங்களில், செம்பனை ஆலைக்கு ஸ்ப்ராக்கெட் (சங்கிலி ஓடும் பல்சக்கரம்) வெட்டும் பட்டறைகளில், வேலைப்பொருளைப் பாகை பாகையாகத் திருப்பும் ரோட்டரி டேபிள் ஓய்வதே இல்லை. கைப்பிடியில் ஆட்டம், அதாவது டேபிள் திரும்பாமல் கைப்பிடி மட்டும் திரும்பும் இடைவெளி, கூடினால் உடனே வார்மை (டேபிளின் பல்சக்கரத்தைச் சுற்றும் திருகுத் தண்டு) இறுக்கப் போகாதீர்கள். முதலில் கைப்பிடியை முன்னும் பின்னும் தள்ளி இழுங்கள். வார்ம் தண்டு அசைந்தால் கோளாறு பல்லில் மட்டுமில்லை, தண்டின் நீளவாக்கிலும் இருக்கிறது. தண்டைத் தாங்கும் நட்டைச் சரிசெய்தாலே ஆட்டத்தில் ஒரு பங்கு போய்விடும்.

மீதிக்குத்தான் எக்சென்ட்ரிக் ஸ்லீவ், அதாவது வார்மைத் தாங்கும், துளை மையம் விலகிய உறை. பூட்டுத் திருகைத் தளர்த்தி, ஸ்லீவை மெல்லத் திருப்பினால் வார்ம் சக்கரத்தோடு நெருங்கும். பூட்டிய பின் டேபிளை முழு 360 பாகையும் சுற்றிப் பாருங்கள். சக்கரம் ஒரே சீராகத் தேய்வதில்லை. அதிகம் வேலை செய்த பக்கம் தளர்ந்தும் மற்றது இறுகியும் இருக்கும். இறுகும் இடத்தை வைத்தே அளவு. தளர்ந்த இடத்தில் இறுக்கினால் மறுபக்கம் சிக்கி, பல் அரைபடும். துளி ஆட்டம் இருக்கட்டும்.

அந்தத் துளி வேலையைக் கெடுக்காமலிருக்க, எப்போதும் கைப்பிடியை ஒரே திசையில் சுற்றி வந்து நிறுத்துங்கள். 90:1 டேபிளில் (கைப்பிடி 90 சுற்றினால் டேபிள் ஒரு சுற்று) கைப்பிடியின் ஒரு சுற்று 4 பாகை. 18 பல் வெட்ட, ஒவ்வொரு பல்லுக்கும் ஐந்து சுற்று. தாண்டிவிட்டால் அரைச் சுற்று பின்வாங்கி மறுபடி வாருங்கள். வெட்டும்முன் டேபிளை அசையாமல் பிடிக்கும் கிளாம்பைப் பூட்டுங்கள், வெட்டுவிசையை வார்ம் தாங்கக் கூடாது.

நம்மூர் ஈரத்துக்கு, கழற்றி வைக்கும்போது அடிப்பக்கத்தைத் துடைத்து எண்ணெய் பூசுங்கள். வெட்டும்போது ஊற்றும் கூலன்ட் தங்கிய இடத்தில் துரு எளிதில் பிடிக்கும்.